பக்கவாதத்துக்குப் பிறகு விழாமல் இருப்பதும் தன் வேலையைத் தானே செய்வதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்ட்ரோக் வந்தவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய பிறகு குடும்பத்தார் கேட்கும் கேள்விகள் இவை. கேட்பவர் பெரும்பாலும் மகனோ மகளோ கணவனோ மனைவியோதான் என்பதால் பதில்களும் அவர்களைப் பார்த்தே எழுதப்பட்டிருக்கின்றன. நோயாளி தானே படித்தால் இன்னும் நல்லது.

படுக்கையில் இருந்தவரை அப்பா விழவே இல்லை. நடக்க ஆரம்பித்ததும் இரண்டு முறை விழுந்துவிட்டார். நிலைமை மோசமாகிறதா?

பெரும்பாலும் இல்லை. தேறிக்கொண்டிருப்பதால்தான் விழுகிறார். படுத்த படுக்கையாக இருப்பவருக்கு விழும் சந்தர்ப்பமே குறைவு. முழுக்கத் தேறியவரும் அதிகம் விழுவதில்லை. நடுவில் இருக்கிறாரே, அவருக்குத்தான் ஆபத்து அதிகம். எழுந்து நிற்க முடிகிறது, ஆனால் நின்ற இடத்தில் திரும்பத் தடுமாறுகிறார். பத்து அடி நடக்கிறார், ஆனால் பதினோராவது அடியில் கால் இழுக்கிறது. எழுந்துபோகும் துணிச்சல் வந்துவிட்டது, தடுமாறினால் சமாளிக்கும் வேகம் இன்னும் வரவில்லை.

ஆகவே அன்றாட வேலைத்திறன் கூடக்கூட விழும் ஆபத்து தானாகக் குறைந்துகொண்டே வரும் என்று நினைக்க வேண்டாம். கொஞ்ச காலத்துக்கு இரண்டும் சேர்ந்தே ஏறும். வீட்டில் எல்லோரும் "இப்போ பரவாயில்லை" என்று சற்று அசந்து போவதும் அதே சமயத்தில்தான்.

ஒரு விதிவிலக்கு உண்டு. நன்றாக நடந்துகொண்டிருந்தவர் திடீரென்று விழுந்து, கூடவே முகம் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, கை காலில் புதிதாகப் பலவீனம் தெரிந்தாலோ, குழப்பமாகப் பேசினாலோ, அது இன்னொரு ஸ்ட்ரோக்காக இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

இப்படி விழுவது எவ்வளவு சகஜம்?

ரொம்பவே. ஆய்வுக்கு ஆய்வு எண்ணிக்கை மாறினாலும், முதல் ஓராண்டுக்குள் ஏறக்குறைய பாதிப்பேர் ஒருமுறையாவது விழுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். 70 சதவீதத்தைத் தாண்டிய ஆய்வும் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் சிராய்ப்போடும் வீக்கத்தோடும் தப்பிவிடுகிறார்கள். கவலைப்பட வேண்டியது இடுப்பு எலும்பு முறிவைப் பற்றி. செயல் குறைந்த பக்கத்தில் எடை ஊன்றாததால் அந்தப் பக்க எலும்பு மாதக்கணக்கில் வலுவிழந்துகொண்டே போகிறது. விழும்போது உடம்பு சாய்வதும் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். நாமாக இருந்தால் சட்டென்று கையை ஊன்றியிருப்போம், அவருக்கு அந்தக் கை வராது. அதனால்தான் முறிவு பெரும்பாலும் பாதிக்கப்பட்ட பக்க இடுப்பில் ஏற்படுகிறது.

எந்த நேரத்தில் அதிகம் விழுகிறார்கள்?

நேராக நடக்கும்போதுதான் விழுவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். நான் குடும்பங்களைக் கவனிக்கச் சொல்வது ஒரு வேலை முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தை: எழுவது, திரும்புவது, உட்காருவது, கை மாற்றுவது.

கழிப்பறைக்குப் போவதைக் கொஞ்சம் மெதுவாகப் பாருங்கள். இரவு, அவசரம். கட்டிலிலிருந்து எழுந்த வேகத்தில் லேசாகத் தலை சுற்றுகிறது, நிற்காமல் நடக்கிறார். கதவருகே வந்ததும் தாழ்ப்பாளைத் திறக்கத் தடியைச் சுவரில் சாய்த்துவிடுகிறார். இப்போது பிடிமானம் எதுவும் இல்லை. கதவு தன்னை நோக்கித் திறப்பதால் ஓரடி பின்னால் வைக்க வேண்டியிருக்கிறது. உள்ளே போனதும் கமோடுக்கு முதுகு காட்ட அரைவட்டம் திரும்ப வேண்டும், பாதிக்கப்பட்ட கால் திரும்பாமல் தரையிலேயே ஒட்டி நிற்கிறது. அதே நேரத்தில் நல்ல கை உடையைத் தளர்த்தப் போய்விட்டது. கமோடு காலில் படுவதற்கு முன்பே உட்காரப் போகிறார்.

இதில் விழக்கூடிய இடங்கள் ஐந்தாறு இருக்கின்றன, நடை அதில் ஒன்றுதான். கதவைத் திறந்தே வைத்து, நல்ல கைப் பக்கம் சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி பொருத்தி, "கால் பின்பக்கம் கமோடில் தொட்ட பிறகு உட்காருங்கள்" என்று பழக்கிவிட்டால் பாதிச் சிக்கல் போய்விடும். இரவுக்கு மட்டும் கட்டில் பக்கத்திலேயே கமோடு நாற்காலியோ யூரின் பாட்டிலோ வைத்தால் இந்தப் பயணமே வேண்டாம். பலருக்கு இது கௌரவப் பிரச்சினையாகத் தெரியும். இரவுக்கு மட்டும்தான் என்று சொல்லிப் பாருங்கள், ஒப்புக்கொள்வார்கள்.

கை கால் பலவீனம்தானே காரணம்? பலம் வந்துவிட்டால் சரியாகிவிடுமா?

பலவீனம் ஒரு காரணம், அவ்வளவுதான். பாதம் தூக்காமல் தொங்குவதால் விரல்நுனி தரைவிரிப்பின் ஓரத்தில் மாட்டும். இதற்குக் கணுக்காலைத் தாங்க வெளியே மாட்டும் பிளேட் உதவும். தசை விறைப்பாக இருந்தால் கால் மடங்காது. காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் பாதம் தரையில் சரியாகப் பதிந்ததா என்று அவருக்கே தெரியாது.

அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது ஒரு பக்கத்தைக் கவனிக்காமல் விடும் நிலை. மூளையின் வலப்பாதியில் அடிபட்டவர்களிடம் இது கூடுதலாகத் தெரியும். தட்டின் வலப்பக்கச் சாப்பாடு காலியாகும், இடப்பக்கம் அப்படியே இருக்கும். கண்ணாடி முன் நின்று முகத்தின் ஒரு பக்கம் மட்டும் சவரம் செய்வார். இடது தோள் கதவு நிலையில் இடித்துக்கொண்டே போகும். கண் பார்வை நன்றாக இருந்தாலும் இது வரும், ஏனென்றால் அந்தப் பக்கம் என்று ஒன்று இருப்பதே அவர் கவனத்தில் இல்லை. "பார்த்துப் போகக்கூடாதா" என்று திட்டுவதில் பலனில்லை. இடப்பக்கம் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு அடியெடுத்து வைக்கப் பழக்க வேண்டும், வீல் சேரின் இடப்பக்க பிரேக்கில் பளிச்சென்ற நிறத்தில் டேப் ஒட்ட வேண்டும். பார்வைப் புலத்தில் பாதி மறைவது வேறு விஷயம். பார்வை மறைந்தவர் தன் குறையை உணர்ந்து தானாகவே தலையைத் திருப்பக் கற்றுக்கொள்வது கொஞ்சம் எளிது.

இவை போக, தன்னால் முடியாது என்பதையே உணராத நிலை, அவசர புத்தி, சிறுநீர் அவசரம், மாலையில் வரும் கடும் அசதி எல்லாமே சேரும். இவற்றில் எதையும் கால் பயிற்சி மட்டும் சரிசெய்யாது.

டிஸ்சார்ஜ் சீட்டில் பார்த்தெல் 60 என்று இருக்கிறது. அப்படியென்றால்?

அன்றாட வேலைகளில் ஒருவருக்கு எவ்வளவு உதவி தேவை என்பதை அளக்கும் பட்டியல் அது. 1965இல் மஹோனி, பார்த்தெல் என்ற இருவர் வெளியிட்டது, இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. சாப்பிடுவது, குளிப்பது, தலைவாரி முகம் கழுவுவது, உடுத்துவது, மலம் அடக்குவது, சிறுநீர் அடக்குவது, கழிப்பறை, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, நடப்பது, படியேறுவது என்று பத்து விஷயங்கள், மொத்தம் 100. இடம் மாறுவதற்கும் நடப்பதற்கும் தலா 15 வரை மதிப்பெண். குளியலுக்கு 5தான்.

மொத்த எண்ணைவிட எங்கே குறைந்தது என்று கேளுங்கள். 60 வாங்கிய இருவரில் ஒருவர் நடக்க முடியாதவராக இருக்கலாம். மற்றவர் நடப்பார், ஆனால் சிறுநீர் அடங்காமல் அவசரமாக ஓடுவார். விழுவதற்கு இரண்டாமவருக்கே வாய்ப்பு அதிகம். இன்னொன்று, இந்தப் பட்டியல் ஒருவர் ஒரு வேலையைச் செய்கிறாரா என்றுதான் கேட்கிறது, தடுமாறாமல் செய்கிறாரா என்று விரிவாகப் பார்ப்பதில்லை. 100 எடுத்தாலும் தனியாக வாழ முடியும் என்று பொருளில்லை. சமையல், மாத்திரை எடுப்பது, பணம் கையாள்வது எதுவும் இதில் இல்லை.

விழும் ஆபத்தை அளக்கத் தனிச் சோதனை உண்டா?

உண்டு. பிசியோதெரபிஸ்ட் அடிக்கடி பயன்படுத்துவது பெர்க் பேலன்ஸ் ஸ்கேல்: 14 செயல்கள், 56 மதிப்பெண். 45க்குக் கீழே போனால் ஆபத்து என்று வெகுகாலமாகச் சொல்லிவருகிறார்கள். அதை எல்லைக்கோடாக எடுத்துக்கொள்ளாமல், மதிப்பெண் குறையக் குறைய ஆபத்து கூடும் என்று எடுத்துக்கொள்வது சரி. இன்னொன்று, நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து திரும்பிவந்து உட்கார எத்தனை நொடி ஆகிறது என்று பார்ப்பது. முதியோருக்கு 12 முதல் 14 நொடிக்கு மேல் போனால் கவனிக்கச் சொல்வார்கள். ஸ்ட்ரோக் வந்தவர்கள் பலர் எப்படியும் அதைத் தாண்டிவிடுவார்கள் என்பதால், நொடியை விடத் திரும்பும்போது எத்தனை அடி எடுக்கிறார், தடுமாறுகிறாரா என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

வீட்டில் கருவி எதுவும் இல்லாமல் கவனிக்கக்கூடிய ஒன்று உண்டு. கூட நடந்துகொண்டே சாதாரணமாக ஏதாவது கேளுங்கள். பதில் சொல்வதற்காக நடையை நிறுத்துகிறார் என்றால் நடப்பதற்கே அவருடைய முழுக் கவனமும் தேவைப்படுகிறது என்று அர்த்தம். அப்படிப்பட்டவரை நடக்கும்போது பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது, கையில் போனைக் கொடுக்கக் கூடாது.

அப்புறம் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். விழுந்ததை மட்டுமல்ல, விழப்போய் சமாளித்ததையும் எழுதுங்கள்: எத்தனை மணி, எந்த இடம், என்ன செய்துகொண்டிருந்தார். ஏற்கெனவே விழுந்தவர் மறுபடி விழும் வாய்ப்பு அதிகம். பெரும்பாலும் அதே மாதிரிதான் விழுவார்.

அப்படியென்றால் எல்லாவற்றையும் நாமே செய்துவிட்டால் பாதுகாப்புதானே?

அன்பினால் செய்வதுதான், ஆனால் கெடுதல். எழாதவருக்கு எழும் பலம் போய்விடும், பயன்படுத்தாத கையை மூளை மேலும் ஒதுக்கிவைக்கும், எலும்பு இன்னும் மெலியும். மூன்று மாதம் கழித்து ஒருநாள் யாரும் இல்லாத நேரத்தில் அவர் எழத்தான் போகிறார், அப்போது உடம்பு இன்னும் தயாராக இருக்காது.

வேலையைப் பறிக்காமல் அதில் ஆபத்தான துண்டை மட்டும் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். சட்டை போடுவது ஆபத்தில்லை, நின்றுகொண்டு கால்சட்டை போடுவதுதான் ஆபத்து. ஆகவே உட்கார்ந்து அவரே போடட்டும், முழங்காலுக்கு மேல் ஏற்ற எழும்போது மட்டும் நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். அரைமணி நேரம் ஆகும். பிடுங்கிப் போட்டுவிடலாம் போல இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

உடுத்துவதற்கும் குளிப்பதற்கும் ஏதாவது முறை இருக்கிறதா?

போடும்போது பாதிக்கப்பட்ட கை முதலில், கழற்றும்போது அது கடைசியில். காலுக்கும் இதேதான். முதுகு சாயும், கைப்பிடி உள்ள நாற்காலியில் உட்கார்ந்து செய்ய வேண்டும். கட்டில் ஓரம் மெத்தை அமுங்குவதால் வழுக்கி இறங்கிவிடுவார்.

குளியல், கால் வழுக்காத பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துதான். சோப்பும் தண்ணீரும் நல்ல கை எட்டும் தூரத்தில், இடுப்பு உயரத்தில் இருக்கட்டும். தரையில் வைத்தால் குனிவார். வெந்நீரை நல்ல கையால் தொட்டுப் பார்க்க வேண்டும், மற்ற கைக்குச் சூடு தெரியாமல் போகலாம். துண்டுக்கம்பியும் வாஷ்பேசினும் பிடிமானம் அல்ல, இழுத்தால் கையோடு வந்துவிடும். சுவரில் ஆழமாகப் பதித்த கம்பிதான் பிடிமானம். உடம்பைத் துவட்டிக் கால் காய்ந்த பிறகு எழட்டும். உள்ளே தாழ்ப்பாள் போட வேண்டாம்.

எழுப்பும்போது கையைப் பிடித்துத் தூக்கலாமா?

கூடாது. அக்குளில் கைகொடுத்துத் தூக்குவதும் கூடாது. பக்கவாதத்தில் தோளைத் தாங்கும் தசைகள் தளர்ந்திருப்பதால் மூட்டு எளிதில் இறங்கிவிடும். அந்த வலி மாதக்கணக்கில் நீடித்து மற்றப் பயிற்சிகளையும் கெடுக்கும்.

அவரே எழும்படி அமைத்துக் கொடுங்கள். நாற்காலியின் முன்விளிம்புக்கு நகர்ந்து உட்காரட்டும். இரண்டு பாதங்களும் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால், தரையில் முழுதாகப் பதிந்திருக்க வேண்டும். மூக்கு கால் விரல்களுக்கு நேராக வரும்வரை முன்னால் குனிந்து, அதன் பிறகு எழ வேண்டும். பெரும்பாலோர் நிமிர்ந்தபடியே எழப் பார்த்துப் பின்னால் விழுகிறார்கள். நீங்கள் பாதிக்கப்பட்ட பக்கம், அரையடி பின்னால் நின்று, இடுப்பில் கட்டிய பெல்ட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். நாற்காலியின் உயரம் இடுப்பு முழங்காலைவிடச் சற்று மேலே இருக்கும்படி இருக்கட்டும். தாழ்வான சோபாவை ஓரங்கட்டிவிடுங்கள். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறும்போது, ஆரம்ப நாட்களில் நாற்காலியை நல்ல பக்கமாகப் போடுவது எளிது.

கைத்தடி எந்தக் கையில்? படியில் எந்தக் கால் முதலில்?

தடி நல்ல கையில். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது பாதிக்கப்பட்ட கால் முதலில். தடியின் உயரம், கை தொங்கும்போது மணிக்கட்டு மடியும் இடம் வரை. ரப்பர் அடி தேய்ந்தால் மாற்றிவிடுங்கள். ஒரு கை வராதவருக்குச் சாதாரண வாக்கர் சரிப்படாது, தெரபிஸ்ட்டைக் கேட்காமல் வாங்க வேண்டாம்.

மாத்திரைகளால் விழ வாய்ப்பு உண்டா?

உண்டு. தூக்க மாத்திரை, மனச்சோர்வுக்கான மருந்துகள், வலிப்பு மருந்து, தசை விறைப்பைக் குறைக்கும் மருந்து, ரத்த அழுத்த மாத்திரை எல்லாம் இந்தப் பட்டியலில் வரும். படுத்திருக்கும்போது ஒருமுறை, எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் ஒருமுறை அழுத்தம் பாருங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். ஆனால் நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். அழுத்த மாத்திரையை விட்டுவிட்டு இன்னொரு ஸ்ட்ரோக்கை வரவழைத்துக்கொள்வது எந்தக் கணக்கிலும் லாபமில்லை. மாத்திரை நேரத்தை மாற்றுவது, அளவைக் குறைப்பது என்று டாக்டருக்கு வழி இருக்கும். எழும்போது கட்டில் ஓரம் ஒரு நிமிடம் உட்கார்ந்து, பாதத்தை மேலும் கீழும் அசைத்துவிட்டு எழும் பழக்கத்துக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்.

விழுந்துவிட்டார். முதலில் என்ன செய்வது?

தூக்காதீர்கள். ஓடிவரும் எல்லோரும் செய்யும் முதல் தவறு அதுதான். கீழேயே இருக்கட்டும், தலையணை கொடுங்கள். பேசுகிறாரா, தலை அடிபட்டதா, எங்கே வலிக்கிறது என்று பாருங்கள். இடுப்பில் கடும் வலி, ஒரு கால் குட்டையாகவோ பாதம் வெளிப்பக்கம் திரும்பியோ இருந்தால் நகர்த்தாமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர் தலையில் அடிபட்டால், வெளியே காயமே இல்லாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். உள்ளே கசியும் ரத்தம் சில மணி நேரம் கழித்துத்தான் தெரியும்.

ஒன்றும் இல்லை என்று தெரிந்தால் அவரையே எழ வைக்கலாம். நல்ல பக்கமாகப் புரண்டு, நல்ல முழங்கையை ஊன்றி உட்காரட்டும். உறுதியான நாற்காலியை முன்னால் போடுங்கள். அதில் நல்ல கையை ஊன்றி மண்டியிட்டு, நல்ல காலின் பாதத்தை முன்னால் வைத்து அழுத்தி எழ வேண்டும். எழும்போதே இன்னொரு நாற்காலியைப் பின்னால் தள்ளிக் கொடுங்கள். இதை விழுவதற்கு முன்பே தெரபிஸ்ட் முன்னிலையில் ஒருமுறை பழகிவைப்பது உத்தமம்.

பயந்துபோய் நடக்கவே மறுக்கிறார். என்ன செய்யலாம்?

பயத்தில் நியாயம் இருக்கிறது, "ஒன்றும் ஆகாது" என்று சொல்லாதீர்கள். எந்த இடத்தில் பயம் என்று கேளுங்கள். எல்லா இடத்திலும் இருக்காது. திரும்பும் இடமாகவோ வாசல்படியாகவோ இருக்கும். அந்த ஒன்றை மட்டும் பகல் வெளிச்சத்தில், பிடிமானத்தோடு, தினமும் கொஞ்சம் பழக்குங்கள். எதிலுமே ஆர்வமில்லாமல், சாப்பாடும் தூக்கமும் கெட்டிருந்தால் அது பயமல்ல, மனச்சோர்வாக இருக்கலாம். ஸ்ட்ரோக்குக்குப் பிறகு சுமார் மூன்றில் ஒருவருக்கு வருகிறது, சிகிச்சையும் இருக்கிறது.

எங்கள் வீட்டில் நேர்மாறு. சொன்னால் கேட்காமல் எழுந்துவிடுகிறார்.

இது அடம் என்பதைவிட மூளைக் காயத்தின் வேலை. "எழாதே" என்ற கட்டளை நினைவில் நிற்காது. அவர் எதற்காக எழுகிறார் என்று பார்த்தால் பெரும்பாலும் கழிப்பறை, தண்ணீர், கண்ணாடி, போன் இவற்றில் ஒன்றாக இருக்கும். கையெட்டும் இடத்தில் வையுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நீங்களே கழிப்பறைக்கு அழைத்துப் போங்கள். கட்டிவைப்பது, கட்டிலுக்கு உயரமான தடுப்பு வைப்பது இரண்டும் வேண்டாம். தடுப்பின் மேல் ஏறி இறங்கப் பார்த்தால் இன்னும் உயரத்திலிருந்து விழுவார்.

எவ்வளவு சீக்கிரம் எழுப்பி நடக்க வைக்கிறோமோ அவ்வளவு நல்லதாமே?

ஓரளவுக்குத்தான். 2015இல் வெளியான அவெர்ட் என்ற பெரிய ஆய்வில், ஸ்ட்ரோக் வந்த 24 மணி நேரத்துக்குள் அடிக்கடி, அதிகமாக எழுப்பிப் பயிற்சி கொடுத்த குழுவினர் மூன்று மாத முடிவில் வழக்கமான கவனிப்பு பெற்றவர்களைவிட நன்றாகத் தேறவில்லை, சற்றுப் பின்தங்கவே செய்தார்கள். முதல் நாள் அவசரம் வேண்டாம். அதற்குப் பிறகு டாக்டர் சொன்னதும் தள்ளிப்போடவும் வேண்டாம்.

ஆறு மாதம் ஆகிவிட்டது. இனி முன்னேற்றம் இருக்குமா?

முதல் மூன்று மாதங்களில் வேகம் அதிகம், பிறகு குறையும். நின்றுபோகும் என்பது சரியல்ல. எந்த வேலை வர வேண்டுமோ அந்த வேலையையே திரும்பத் திரும்பப் பழகினால் ஓராண்டு கழித்தும் பலன் உண்டு. நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதைத் தினமும் பலமுறை பழகுவது, வெறுமனே காலை ஆட்டும் பயிற்சியைவிட உதவும்.

அரைமணி நேரம் தனியாக விட்டுவிட்டுக் கடைக்குப் போகலாமா?

சில விஷயங்களைப் பார்த்து முடிவு செய்யுங்கள். உங்கள் நோட்டில் கடந்த சில வாரங்களில் தடுமாற்றம் எதுவும் இல்லையா? கழிப்பறைக்குத் தானே போய் வருகிறாரா, அதை நீங்கள் தள்ளி நின்று பார்த்தீர்களா? விழுந்தால் போனை எடுத்துக் கூப்பிடத் தெரியுமா, பேச்சு வருமா? போன் மேசை மேல் இருந்து பயனில்லை, விழுந்தவருக்கு எட்டாது. கழுத்திலோ சட்டைப்பையிலோ இருக்க வேண்டும். இவற்றில் ஒன்றுக்கு "இல்லை" என்றாலும் இப்போதைக்கு வேண்டாம். எல்லாம் சரி என்றால் முதலில் பக்கத்து அறையில் இருந்து பாருங்கள், அப்புறம் வாசல் வரை, அதன் பிறகு கடை. கிளம்பும் முன் கழிப்பறைக்குப் போய்வந்தாரா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.